ஏழாம் நம்பர் காத்தாடிக்குப் போட்ட தடம்

காற்றாலைக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் போதும், கேட்டவர் உடனே வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். "அத்தனை உயரம் ஏறுவீங்களா?" என்பது அடுத்த கேள்வி. நான் வீட்டுப் பரணில் ஏறவே ஆளைக் கூப்பிடுகிறவள். என் வேலை முழுக்கத் தரையில்தான். காத்தாடி நிற்க இடம், அந்த இடத்துக்குக் கிரேனும் லாரியும் போக வழி, கரண்ட் கம்பி போகக் கம்பம் என்று எல்லாவற்றுக்கும் காட்டுக்காரர்களிடம், அதாவது நிலத்துக்காரர்களிடம், பேசிச் சம்மதம் வாங்கித் தர வேண்டும். பிறகு ஏதாவது கோளாறு வந்து அவர்கள் திட்டினால் அதையும் நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட், கல்யாண மண்டபத்து மேனேஜர், அபார்ட்மென்ட் செயலாளர் என்று இரண்டு கட்சிக்கு நடுவில் நிற்கிற எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுக்கரையில் சிமென்ட் தூசிக்குள் வளர்ந்த நான், ஒன்பது வருஷமாக ஸ்கூட்டரில் கிணத்துக்கடவுப் பக்கத்துக் காடுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஓர் ஊரில் நாங்கள் நிறுத்தியது ஏழு காத்தாடி. ஆறு என்னை ஒன்றும் செய்யவில்லை. ஏழாவது ஒரு வருஷம் முழுக்க என் நெஞ்சுக்குள் சுற்றியது.

பாக்கலாமுங்க

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் அதைச் சம்மதம் என்று நினைத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லி, பிறகு அசடு வழிந்திருக்கிறேன். நாளாக ஆக நானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். போனதும் தண்ணீர் மட்டும் வந்தால் காரியம் நடக்காது. காபி வந்தால் ஆறு மாசம் ஆகும். கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்ட மோர் வந்தால் பாதிக் கையெழுத்து ஆன மாதிரி.

ஏழாம் நம்பருக்கு இடம் கொடுத்தவர் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருப்பவர். அவர் போனிலேயே சரி சொல்லிவிட்டார். ஆனால் அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் ராமசாமி அண்ணனுடைய காட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. அண்ணனுக்கு அங்கே ஐந்து ஏக்கர் கரிசல் காடு. தக்காளியும் சோளமும் மாற்றி மாற்றிப் போடுவார். முதல் நாள் போனேன், தண்ணீர். இரண்டாம் நாளும் தண்ணீர். மூன்றாம் நாள் அண்ணன் சந்தைக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய செருப்பு வாசலிலேயே இருந்தது. நாலாம் நாளும் அவர் சந்தையில், செருப்பு வாசலில்.

ஐந்தாம் நாள் நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே அவர் மனைவி தெய்வானை அக்கா வெளியே வந்தார். பொய் சொல்ல வராத மனுஷி. கையில் மோர்ச் சொம்பு. "வாங்க அம்மணி, உள்ள வந்து உக்காருங்க. அவரு ஊட்டுல இல்லீன்னு சொல்லச் சொன்னாருங்க," என்றார்.

வெள்ளைப் பூ

மோர் பாதி குடித்தபோது, வீட்டில் இல்லாத ராமசாமி அண்ணன் உள்ளே இருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். கேட்டது ஒரே கேள்வி. "ரோட்ட மேடு பண்ணித்தானுங்களே போடுவீங்க? மழ வந்தா என்ர காட்டுல தண்ணி நிக்குமுங்களா?" தக்காளிச் செடியின் வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதற்கு முந்தின இரண்டு தடவையும் அவருக்குத் தக்காளி சரியாக வாய்க்கவில்லை. ஒன்று நோயில் போனது. இன்னொன்று விலை இல்லாமல் காட்டிலேயே உழப்பட்டது. அடுத்ததும் போனால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போய்விடுவதாக இருக்கிறார் என்று மோர் ஊற்றும்போதே தெய்வானை அக்கா மெல்லச் சொல்லியிருந்தார்.

நான் பையிலிருந்து டிராயிங்கை எடுத்து விரித்தேன். அதில் ஓடையோ வாய்க்காலோ எதுவும் இல்லை. "நிக்காதுங்கண்ணா, நான் சொல்றேன்," என்றேன். யோசிக்காமல் வார்த்தையை விடுவது எனக்குப் பிறவிக் குணம். அவர் அதோடு விடவில்லை. சாமியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். மாகாளியம்மன் கோயிலில் பூ கேட்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கும்பிட்ட பிறகு பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அன்று காலையிலிருந்து என் மேலதிகாரி வாட்ஸ்அப்பில் மூன்று தடவை 'என்ன ஆச்சு?' என்று கேட்டிருந்தார். 'மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்' என்று பதில் போட்டேன். பூசாரி பொட்டலத்தைப் பிரிக்கும்போது என் கண் தானாக மூடிக்கொண்டது.

வெள்ளைதான் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "சாமி சரின்னு சொல்லிப்போட்டாளுங்க. இனி ஏதாச்சும் தப்பு வந்தா அவளக் கேக்க மாட்டனுங்க அம்மணி, உங்களத்தான் கேப்பேன்."

றெக்கைக்கு ஒரு கீல்

ஆவணியில் தடம் தயார். கிராவல் மண் கொட்டி, இரண்டடி உயர்த்தி, ரோலர் விட்டுக் கல்லாக இறுக்கியிருந்தார்கள். அண்ணனும் நாற்று வாங்கி வந்து, தடத்தின் மேட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி நட்டுவிட்டார். அடுத்து றெக்கை வர வேண்டும். ஒரு றெக்கை என்பது ஐந்தாறு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். அதை ஏற்றி வந்த லாரி ஊர் முனைத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் ரேஷன் கடை, இன்னொரு பக்கம் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரம். கடையை இடிக்க முடியாது, மரத்தைத் தொடவே முடியாது.

எங்கள் சைட் இன்ஜினியர் தினேஷ், சென்னைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலுக்கு ஒரு தொப்பி, கக்கத்தில் எப்போதும் டிராயிங் சுருள். டேப்பை இந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தார், அந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தார். லாரி ஒரு முழம் முன்னால் போய் இரண்டு முழம் பின்னால் வந்தது. பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, ஊரே நின்றது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் றெக்கையின் நுனி ரேஷன் கடைக் கூரைக்கு மேலே போகிற மாதிரி லாரியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கித் திருப்பினார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் றெக்கைக்கு அடியில் குனிந்து குனிந்து ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து வந்த ஒரு அம்மா, றெக்கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டுத் தினேஷிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இத்தாப் பெருசாச் செய்யறவங்க, நடுவுல மடக்கற மாதிரி ஒரு கீல் வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

உழுதுபோட்ட வாரி

எங்கள் வாட்ச்மேன் சூசை அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. முப்பது வருஷம் அந்த ஊர்க் காடுகளில் கூலிக்குத் தண்ணி கட்டியவர். மகள் நர்ஸாகிச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் இனிமேல் மம்பட்டி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் எங்களிடம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருந்தார். புரட்டாசியில் ஒரு நாள் தடத்தின் மேல் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து பக்கத்தில் வந்தார். "ஏனுங்க அம்மணி, இங்க கொழாய் எப்பப் பொதைப்பாங்க?" என்று கேட்டார். எந்தக் குழாய் என்றேன். அவர் என்னை அழைத்துப் போய்த் தடத்தின் ஓரிடத்தில் காலை ஊன்றிக் காட்டினார்.

விஷயம் இதுதான். மேட்டுக் காடுகளில் பெய்கிற மழைத் தண்ணீர் எல்லாம் ராமசாமி அண்ணன் காட்டு வழியாக வந்து, சரியாக அந்த இடத்தைக் கடந்துதான் கீழே பள்ளத்துக்குப் போகும். அந்த வழிக்கு வாரி என்று பெயர். ஆழம் அரை அடிகூட இருக்காது, பெருமழைக்கு மட்டும்தான் ஓடும். கோடை மழை விழுந்ததும் காட்டுக்காரர்கள் வாரியையும் சேர்த்து உழுதுபோட்டுவிடுவார்கள். அடுத்த பெருமழைக்கு அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். எங்கள் சர்வேக்காரர்கள் வந்தது சித்திரையில். அப்போது காடு முழுக்க உழுது, சமமாகக் கிடந்தது. ரெவின்யூ வரைபடத்திலும் வாரி கிடையாது. ஊர்க்காரர்களுக்கோ அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. ஆக மொத்தம் ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே இரண்டடிக் கரையைக் கட்டி, அதற்கு மேட்டுப் பக்கம் ராமசாமி அண்ணனைத் தக்காளியும் நட வைத்திருக்கிறோம்.

எனக்கு வந்த பயத்தைச் சூசை அண்ணன் மேல் கோபமாகக் காட்டினேன். ரோடு போடும்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "என்ரகிட்ட ஆரும் கேக்கலீங்களே அம்மணி. நெலத்தப் பத்திக் காட்டுக்காரங்களக் கேட்டீங்க. தண்ணியப் பத்தித் தண்ணி கட்டுனவன ஆருங்க கேட்டா?" என்றார்.

காய்ந்த மண்ணில் ஒரு போட்டோ

தினேஷைக் கையோடு கூட்டி வந்து அந்த இடத்தைக் காட்டினேன். நல்ல வெயில். மண் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வரும் என்று நான் கை நீட்டிய திசையில் இரண்டு ஓணான்கள் ஓடிக்கொண்டிருந்தன. தினேஷ் கெட்டவர் இல்லை. குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், மூன்று டிராயிங்கை விரித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவருடைய சங்கடத்தைச் சொன்னார். பெரிய கிரேன் ஏற்கனவே ஏழாம் நம்பர் இடத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் அது இந்தத் தடத்தின் மேல்தான் திரும்பி வர வேண்டும். இப்போது தடத்தை வெட்டிக் குழாய் வைத்தால் புது மண் அந்தக் கனத்தைத் தாங்காமல் இறங்கிவிடும். கிரேன் வெளியே வந்துவிட்டால் மறுநாளே குழாய் வைத்துத் தருகிறேன் என்றார்.

கிரேன் எப்போது வரும்? றெக்கையைத் தூக்கி மாட்டிய பிறகு. றெக்கையை எப்போது தூக்குவார்கள்? காற்று நின்ற பிறகு. பலத்த காற்றில் அதைத் தூக்கினால் கையில் நிற்காது. ஆகவே எனக்கு இரண்டு வரம் வேண்டும். காற்று நிற்க வேண்டும், மழை வரக் கூடாது. காற்றில் பிழைப்பு நடத்துகிறவள் இப்படி வேண்டிக்கொண்டால் எந்தச் சாமி மதிக்கும்? இன்னொரு தடவை தினேஷிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா டிராயிங்ல தண்ணியே இல்லையே."

மேகத்தை விரட்டுகிறவள்

அந்த வருஷம் புரட்டாசி முழுக்க மழை ஏமாற்றியது. மேற்கே மலைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வரும், ஊருக்கு மேல் வந்ததும் கலைந்துபோகும். காத்தாடிதான் மேகத்தை விரட்டிவிடுகிறது என்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய நம்பிக்கை. "காத்துத்தானுங்க இதச் சுத்துது, இது காத்தச் சுத்தறதில்லீங்க" என்று டீக்கடை டீக்கடையாக விளக்கம் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. கையை வைத்து, டம்ளரை வைத்து, ஃபேனை வைத்து எல்லாம் விளக்கியிருக்கிறேன்.

அந்தப் புரட்டாசியில் மட்டும் நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மேகம் கலையும்போதெல்லாம் ஊர் பெருமூச்சு விட்டது, நானும் விட்டேன். என் பெருமூச்சு வேறு ஜாதி. சோளம் காய்கிறது, ஆட்டுக்குப் புல் இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. நான் இன்னும் பத்து நாள் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு அந்த ஜனங்கள் நடுவிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். வெட்கமாக இருந்தது.

பக்கத்து பெஞ்சில் ஒரு ஆட்டுக்காரர். சுற்றிக்கொண்டிருந்த ஆறு காத்தாடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஏனுங்க அம்மணி, ஒரே ஒரு நாளைக்கு அந்த ஆறையும் நிறுத்திப் பாருங்க. மழ வந்தா உங்க தப்பு, வரலீன்னா எங்க தலையெழுத்துன்னு உட்டுப்போடறோமுங்க."

திட்டு பாக்கி

மறைத்து வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. கம்பெனியில் சொல்லாமல் நேராக ராமசாமி அண்ணன் காட்டுக்குப் போனேன். செடி முழங்கால் உயரம் வந்து மஞ்சளாகப் பூத்திருந்தது. அண்ணன் குச்சி நட்டுச் செடியைக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் நிற்காது என்று டிராயிங்கைப் பார்த்துத்தான் சொன்னேன், காட்டைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவர் சணலை இடுப்பில் செருகிக்கொண்டு தடத்தைப் பார்த்தார். "நிக்காதுன்னீங்களா, சரி, கொழாய் வெக்கப் போறாங்கன்னு நெனச்சனுங்க. வாரி இருக்கறது தெரியாம ஆராச்சும் ரோடு போடுவாங்களா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

கையிலிருந்த குச்சியால் இரண்டு போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் முகம் சிவந்தது, வாய் திறந்தது, மூடியது. கடைசியில் சொன்னார்: "திட்டறதுக்கு இப்ப வாய் வர மாட்டீங்குதுங்க அம்மணி. நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் ரெண்டு நாள் யோசிச்சுத் திட்டிக்கறேன்."

ஐப்பசி

காற்று நின்றது. ஒரு றெக்கை ஏறியது, இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைத் தூக்க நாள் குறித்திருந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு மழை வந்தது. மேகம் கலையவில்லை, இடி இடித்துக் கொட்டியது. தெய்வானை அக்கா போனில் "வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் கிணத்துக்கடவிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். சூசை அண்ணன் காலை ஊன்றிக் காட்டிய அதே இடத்தில் தண்ணீர் வந்து தடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முதல் நாலு வரிசைச் செடியில் பாதி முங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வரிசைக்கும் தண்ணீர் ஏறியது.

ராமசாமி அண்ணன் தோளில் மம்பட்டியோடு தடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். வெட்டவில்லை, சும்மா நின்றார். கிரேன் வெளியே போகும் வரைக்கும் தடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. நானே வாசித்துக் காட்டி நானே கையெழுத்து வாங்கிய வரி. "வெட்டுங்கண்ணா!" என்று கத்தினேன். "சாமி முன்னால ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. நானா வெட்ட மாட்டேன்," என்றார். கண்ணெதிரே பயிர் முங்குகிறது, மனுஷன் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்து மம்பட்டியைப் பிடுங்கி ஓங்கிப் போட்டேன். ரோலர் விட்டு இறுக்கிய கிராவலில் மம்பட்டி எகிறியது, நான் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். எழுந்து மறுபடி போட்டேன், ஒரு தேங்காய் மூடி அளவுக்குக் குழி விழுந்தது. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று செய்தி வந்தது.

அப்போது தடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஹாரன் சத்தம். ஜேசிபியின் படியில் தொற்றிக்கொண்டு தினேஷ் வந்தார். தலையில் தொப்பி இல்லை. இறங்கி, தண்ணீரைப் பார்த்தார். மேட்டுக் காட்டிலிருந்து செடிகளுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி அது வந்துகொண்டிருந்தது. சூசை அண்ணன் முன்னால் போய், மழைத் தண்ணீருக்குள் காலால் தடவித் தடவி ஒரு இடத்தில் நின்று, "இங்கீங்க" என்றார். ஜேசிபி டிரைவர் தயங்கினான். "ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா சார்?" என்றான். தினேஷ் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ வெட்டு. டிராயிங்க நான் அப்புறம் மாத்திக்கறேன்."

சாப்பாடு

வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் இரைந்துகொண்டு பள்ளத்துக்குப் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் காட்டில் தேங்கியதெல்லாம் வடிந்துவிட்டது. நான் தடத்து ஓரத்தில் சேற்றோடு சேறாக உட்கார்ந்து சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று கேட்ட தெய்வானை அக்காவும் உட்கார்ந்து சிரித்தார். தடத்தை ஒட்டிய இரண்டு வரிசைச் செடி போனது, மற்றதெல்லாம் பிழைத்தது. குழாய் வைத்துக் கான்கிரீட் போட்டு அது இறுகும் வரைக்கும் கிரேன் அந்தப் பக்கமே கிடந்தது. தடத்தை யாருடைய உத்தரவில் வெட்டினீர்கள் என்று எனக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. நான் பதில் எழுத உட்காருவதற்குள், தவறு சர்வேயில் நடந்தது, வெட்டச் சொன்னது தான்தான் என்று தினேஷ் எழுதி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை போகும் என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். போகவில்லை.

கார்த்திகையில் முதல் பறிப்பு முடிந்ததும் அண்ணன் போன் போட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். போய் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தார். "புத்தி இருக்குதுங்களா?" "படிச்சவங்க செய்யற காரியமுங்களா இது?" "ஒரு வார்த்த ஊருக்குள்ள விசாரிச்சா வாய் தேஞ்சா போயிருமுங்க?" கால் மணி நேரம். அத்தனை 'ங்க' போட்டு ஒருவரைத் திட்ட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். மனசு லேசாகிக்கொண்டே வந்தது. முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவ்வளவுதானுங்க அம்மணி. கை கழுவுங்க, தெய்வானை எல வெச்சுப்போட்டா."

நீலப் பென்சில்

அடுத்த ஊரில் நாலு காத்தாடிக்கு சர்வே. மறுபடி சித்திரை, மறுபடி உழுதுபோட்ட காடு. இந்தத் தடவை சர்வேக்காரர்களுக்கு முன்னால் சூசை அண்ணன் நடந்தார். அந்த ஊரிலும் பத்து வருஷம் தண்ணி கட்டியவராம். அவருக்குப் பின்னால் தினேஷ் காகிதத்தோடும் நீலப் பென்சிலோடும் நடந்தார். சூசை அண்ணன் ஒரு இடத்தில் நிற்பார், மண்ணைப் பார்ப்பார், நாலு எட்டு நடப்பார், "இப்புடிப் போயி அக்கட்டால எறங்குமுங்க" என்பார். தினேஷ் மறுபேச்சில்லாமல் கோடு போடுவார். என் கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது. நிம்மதியாக வேப்ப நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதற்கும் வாக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது சூசை அண்ணனிடம், இந்த வருஷமாவது முன்கூட்டியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம், இனிமேல் பயமில்லை அல்லவா என்றேன். அவர் காலில் ஒட்டிய மண்ணை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வெயில் காலத்துல கேட்டீங்கன்னா நான் சொல்றனுங்க அம்மணி. கேக்காம உட்டீங்கன்னா, மழக் காலத்துல தண்ணியே வந்து சொல்லிப்போடும்."

காற்றை நம்பி நடக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டி நான் படித்த ஒரே பாடம் தண்ணீரைப் பற்றியதாகப் போய்விட்டது.